பன்னிரண்டு தூண், இரண்டு கிளாரினெட்

போன கிழமை பேண்டுப் பயிற்சி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது உங்களில் ஒரு தம்பி என்னைக் கேட்டார்: "ஐயா, கூட ஊதுறவன் நம்மளவிட நல்லா ஊதுனா என்னங்கய்யா செய்றது?"

மற்றவர்கள் எல்லாம் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியை மறைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் என்னளவுக்கு அனுபவப்பட்டவன் அட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எனக்கு இருந்த காது அந்த மலையில் எவனுக்கும் இருக்கவில்லை. ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை நான் வாசிப்பேன். கிளாரினெட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை பங்களாவில் போட்டுவிட்டுப் போன வாத்தியம் அது. அங்கே சமையல் அப்புவாக இருந்த என் மாமா அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது மூன்று மூடிகளுக்கு அடித்தோல் கிடையாது. தப்பு மேளத்துக்குக் கட்டுகிற தோலில் வெட்டி நானே ஒட்டினேன். ஒரு பொட்டுக் காற்று வெளியே போகாது. கொழும்பில் வாங்கிய வாத்தியம் என்று பிறகு பல பேர் நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

வேலை தேயிலை ஃபெக்டரி மேல்மாடியில். சாக்குத் தட்டுகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, வாடிய பதத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக் கீழே அனுப்புவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் துரைமார் கிளப்பின் பின்னறையில் பேண்டுப் பயிற்சி. பேண்டை நடத்தியவர் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பறங்கிக்காரர். பியானோ வாசிப்பார். அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. பேரைச் சொல்லிப் பெருமையடிக்கிற ஆட்களை அவருக்குப் பிடிக்காது. என்னைச் சேர்ப்பதற்கு முன் அவர் ஒரு பாட்டை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி வாசித்தேன். கடைசியில் அவர் தெரியாமல் விட்ட ஒரு தப்பையும் சேர்த்து வாசித்தேன்.

"அந்தத் தப்பை ஏன் மென் வாசிச்ச?" என்றார். இங்கிலீசில் ஆளைக் கூப்பிடுகிற அந்த 'மென்' இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

"நீங்க வாசிச்சீங்களே."

"ம்," என்றார். அவ்வளவுதான். என்னைச் சேர்த்துக்கொண்டார்.

தம்பிமாரே, அந்த 'ம்' என்ற ஒரே எழுத்தை வைத்துத்தான் நான் இரண்டு வருசம் அவரோடு ஓட்டினேன். அவர் யாரையாவது பாராட்ட நினைத்தால் "நல்லது மென்" என்பார். டிரம்ஸ் அடித்த பியதாசவுக்குக்கூட ஒரு தடவை அது கிடைத்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் 'ம்'தான்.

ஜாஸ் என்கிற சங்கீதத்தில் பாட்டை எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை வாசிப்போம். அதற்குப் பிறகு ஒவ்வொருவனும் அதே பாட்டின் மேல் அவனவன் மனசில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். எனக்கு இது புதுசா? எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது லாவணி பாடுகிறவன் நான். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எதிராளி பாடி முடிக்கிற சொல்லை அப்படியே பிடித்து, அதிலேயே நம் பாட்டைத் தொடங்கி அவனை மடக்க வேண்டும். எழுதிவைத்துப் பாடுவது கிடையாது. எதிராளி தடுமாறினால் ஜெயித்தவன் வாயை மூடி நிற்பான், தப்பு மேளமும் நிற்கும். தோற்றவன் வந்து மேளத்தைத் தொட்டு ஒப்புக்கொள்கிற வரைக்கும் பொட்டலே அமைதியாக இருக்கும். அந்த அமைதிதான் ஜெயித்தவனுக்கு மாலை. எட்டு மாசி நான் அந்த மாலையை யாருக்கும் விட்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு முன்னால்தான் அந்தோணி வந்து சேர்ந்தான்.

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன். வேதக்காரப் பையன். மாதாகோவில் ஆர்மோனியத்தில் விரல் பழகி, அட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனும் கிளாரினெட். சட்டைப்பையில் கைக்குட்டை, மடித்த லேஞ்சி, கையில் ஒரு கொப்பி. கொப்பியில் மூன்று நிறப் பென்சிலில் எல்லாப் பாட்டுக்கும் கோர்டு எழுதி வைத்திருப்பான். கோர்டு என்பது பியானோவில் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற மூன்று நான்கு சுரம் என்று உங்களுக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரியாது. பாட்டு ஓட ஓட அது மாறிக்கொண்டே போகும், அது மாறும்போது நாமும் மாற வேண்டும் என்பதும் தெரியாது. என் காது இழுத்துக்கொண்டு போகும், நான் பின்னால் போவேன்.

முதல் ஞாயிறு அவன் வாசித்து முடித்தான். சத்தம் மெல்லிசுதான். என் சத்தத்தில் பாதி இருக்காது.

"நல்லது மென்," என்றார் பியானோக்காரர்.

முதல் ஞாயிறே! எனக்கு நெஞ்சில் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "அண்ணே, நீங்க வாசிச்சதக் கேட்டு எனக்குப் புல்லரிச்சிருச்சு," என்றான். அதை நான் நம்பவில்லை. அவன் மெய்யாகத்தான் சொன்னான் என்று புரிவதற்குப் பல வருசம் எடுத்தது. புரிந்தபோது இன்னும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் எனக்கு ஒரே வேலை, அவனுக்கு எத்தனை 'நல்லது' கிடைக்கிறது என்று பார்ப்பது. பியானோக்காரர் கரும்பலகைத் துண்டில் எழுதிப் பாடம் நடத்துவார். எந்தக் கோர்டில் எந்தச் சுரம் ஒட்டும், எது உரசும், எதை ஒரு தட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று. அந்தோணி எழுதுவான். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்குக் காது இருக்கு," என்பேன்.

"காது இருக்கு மென்," என்றார் அவர் ஒரு நாள். "கதவு எங்க இருக்குன்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் செவுத்துல முட்டி முட்டிக் கண்டுபிடிக்கிற."

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தானோ என்னவோ, தெரியாது. சிரித்தான் என்றே வைத்துக்கொண்டேன்.

மறுநாளே தொடங்கினேன். என் மாடியில் வரிசையாகப் பன்னிரண்டு மரத்தூண். நாங்கள் அதிகம் வாசித்த பாட்டுகளில் ஒரு வகைக்குப் பன்னிரண்டு பார்தான் ஒரு சுற்று. நாலு தட்டு ஒரு பார். நான் கொழுந்தைக் கிளறிக்கொண்டு போகும்போது ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் சரியாக நாலு எட்டு வைப்பேன். இதை விடவா கொப்பி வேண்டும்? சுண்ணாம்புக் கட்டியால் தூணில் குறி போட்டேன். முதல் நாலு தூண் நம்ம வீடு. ஐந்தும் ஆறும் பக்கத்து லயம், நம்ம காம்பரா வரிசைக்கு அடுத்த வரிசை. ஏழும் எட்டும் திரும்ப வீடு. ஒன்பதாவது மலை உச்சி. பத்தில் இறக்கம். பதினொன்றும் பன்னிரண்டும் வீடு. மனசுக்குள் ஊதிக்கொண்டு நடப்பேன். கோர்டு மாறுகிற தூணுக்கு வரும்போது முதுகுத்தண்டில் தெரியும்.

ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா ஒரு நாள் குறிகளைப் பார்த்துவிட்டார். "என்னடா இது ராமையா?"

"எலி வர்ற எடமுங்கய்யா. பார்த்து வச்சிருக்கேன்."

"ஒன்பதாவதுல என்னத்துக்கு ரெண்டு கோடு?"

"அங்க பெரிய எலிங்க."

அவர் உடனே எலிப்பொறிக்கு எழுதிப்போட்டார். ஒன்பதாவது தூணடியில் பொறி வைத்து ஒரு மாதம் காத்திருந்தார்.

மூன்று மாதத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் பாட்டில் எங்கே நிற்கிறேன் என்று சொல்லுவேன். கரும்பலகை பார்க்காமல், கொப்பி இல்லாமல், கொழுந்து கிளறிக்கொண்டு இந்தத் தியரியைப் படித்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தோணி கவனித்துவிட்டான். "அண்ணே, இப்பல்லாம் நீங்க ஒரு எடத்துலயும் தவறுறதில்லையே. எதை வச்சு எண்ணுறீங்க?"

"எண்ணுறதா? நானா? அதெல்லாம் தானா வரும்," என்றேன்.

அவன் தன் கொப்பியை என்னிடம் இரண்டு தடவை நீட்டியிருக்கிறான். நான் என் தூணைக் காட்டவில்லை. இதை நீங்கள் செய்யாதீர்கள். ஒருவன் படித்ததை மறைத்தால் அவனோடு சேர்ந்து வாசிக்கிறவனுக்கு அவன் எந்தத் தூணில் நிற்கிறான் என்று தெரியாது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

அந்த வருசம் பியானோக்காரர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் பேண்டு வைக்கக் கேட்டிருக்கிறார்கள், ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் போகிறாராம். "கிளாரினெட் ஒருத்தன்தான் மென் கூட்டிக்கிட்டுப் போக முடியும். ஏப்ரல் சீசன்ல நுவரெலியா டீ டான்ஸ் முடிஞ்சதும் சொல்றேன்."

எனக்கு அன்று இரவு தூக்கமில்லை என்று சொன்னால் அது குறைச்சல். லயக் காம்பராவில் பிறந்து, கொழுந்து மாடியில் நிற்கிறவன், தினமும் வாத்தியக்காரன் என்ற ஒரே பேரோடு எழும்பலாம். அதற்கு ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் லேஞ்சி வைத்த ஒரு பையன்.

நுவரெலியாவில் மத்தியான டான்ஸ். வெளியே பூக்கண்காட்சிக் கூட்டம், உள்ளே துரைமாரும் துரைசாணிமாரும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஆட எழும்புகிறார்கள். அப்பு மாமாவோடு என் வீட்டுக்காரியும் குசினியில் கோப்பை கழுவ வந்திருந்தாள். பன்னிரண்டு பார்ப் பாட்டு ஒன்று, வேகமானது. பியானோக்காரர் நாலு விரலைக் காட்டினார். நாலு பார் அந்தோணி, நாலு பார் நான், மாறி மாறி.

எனக்கு அது லாவணிப் பொட்டல் ஆகிவிட்டது. அவன் முடிக்கிற இடத்தைப் பிடித்தேன், அதையே திருப்பினேன், கோணலாக்கி அவனிடமே எறிந்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பியதாச சிங்களத்தில், "ஹரி ஹரி!", சரி சரி என்று தட்டை அடித்தான். அந்தோணி முகம் சிவந்தது. அவனும் வாசித்தான், நன்றாகத்தான் வாசித்தான். அப்போதுதான் அதைச் செய்தேன். அவனைக் கேலி பண்ணுகிற மாதிரி சின்னதாக ஒரு அடி வாசித்தேன். கோழி கொக்கரிப்பது போல ஏழே ஏழு சுரம். அதை நாலு பாரில் முடிக்காமல், வேண்டுமென்றே, தெரிந்தே, ஐந்தாவது பாருக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அவனுடைய முதல் பாரை நான் தின்றுவிட்டேன்.

நான் முடித்த இடத்திலிருந்து அவன் ஒன்று என்று எண்ணத் தொடங்கினான். பாட்டு அப்போது இரண்டில் நிற்கிறது. பியானோ வீட்டுக்குத் திரும்பியபோது அவன் இன்னும் பக்கத்து லயத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தான். உரசியது. அவனுக்குக் காது இருந்ததால்தான் நிறுத்தினான். காது கெட்டவனாக இருந்தால் தொடர்ந்து வாசித்திருப்பான்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெயித்தவன் செய்வதைச் செய்தேன். வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துக் கீழே பிடித்துக்கொண்டு, வாயை மூடி, அவனைப் பார்த்து நின்றேன். தோற்றவன் வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று.

தம்பிமாரே, அது காமன் பொட்டல் இல்லை. நடுக் கூடத்தில் முப்பது ஜோடி ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே பாட்டே இல்லாமல் பியானோவும் டிரம்சும் மட்டும் எலும்புக்கூடு மாதிரி ஓடுகிறது. கால்கள் இடறத் தொடங்கின. பியானோக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார், வாசி என்று. எனக்குப் புரியவில்லை. என் கண்ணெல்லாம் அந்தோணியின் மேல்.

அவன் கண்ணை மூடினான். கிளாரினெட்டைத் தூக்கினான். என் கொக்கரிப்பை, அந்த ஏழு சுரத்தை, எடுத்து வாசித்தான். என் வேகத்தில் இல்லை. பாதி வேகத்தில், கேலியெல்லாம் கழுவிவிட்டு, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி. வீட்டில் ஒரு தடவை, பக்கத்து லயத்துக்குப் போய் ஒரு தடவை, திரும்ப வீட்டில் ஒரு தடவை. ஆடியவர்களுக்குக் கால் திரும்பக் கிடைத்தது. பாட்டு முடிந்தபோது அவர்கள் கைதட்டியது என் ஏழு சுரத்துக்குத்தான். ஆனால் அவனைப் பார்த்துத் தட்டினார்கள்.

பின்னறையில் பியானோக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ அவன ஜெயிச்சிட்ட மென். அதுல சந்தேகமில்ல. ஆனா ஆடிக்கிட்டு இருந்தவங்கள நட்டாத்துல விட்டுட்ட."

அவர் அந்தோணியைக் கூட்டிக்கொண்டு போனார்.

போகிற அன்று அவன் எங்கள் லயத்துக்கு வந்தான், சொல்லிவிட்டுப் போக. நான் கக்கூசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வீட்டுக்காரிதான் பேசி அனுப்பினாள். அதைவிடப் பெரிய கொடுமை பிறகு. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் அந்த ஏழு சுரத்தை முனகுகிறாள். எப்படி? அவன் வாசித்த மாதிரி, மெதுவாக!

"அது என் பாட்டு புள்ள," என்றேன்.

"உங்க பாட்டுத்தான். அதுக்கு ஏன் கத்துறீங்க?"

"என்னோடது வேகமா போகும்."

"வேகமா போனா யாருக்குங்க பாட வரும்?"

அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

சரி, பிறகு நான் சும்மா இருந்தேனா? காலியான நாற்காலியில் உட்கார்ந்தேன். பேண்டை நானே எடுத்தேன். கரும்பலகைத் துண்டைத் தேடிப்பிடித்து, தெரியாததை ஆள் ஆளாகக் கேட்டுப் படித்தேன். அக்கரப்பத்தனை முதல் உடப்புசல்லாவை வரைக்கும் எந்தக் கிளப்பில் டான்ஸ் என்றாலும் முதலில் ராமையா பேண்டுக்கு நாள் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஆனால் ரேடியோவில் அந்தோணி வாசிப்பு வரும் என்றால் கடைத்தெருவில் நின்று கடைசி வரைக்கும் கேட்பேன். ஒரு தப்பாவது விடமாட்டானா என்று. விடவில்லை.

சில வருசம் போய், துரைமாரில் பாதிப்பேர் கப்பலேறிய பிறகு, ஏப்ரல் சீசனில் அதே கூடத்தில் டீ டான்ஸ். கொழும்பிலிருந்து விருந்தாளியாக அந்தோணி. கூடவே கிழவராகிவிட்ட பியானோக்காரர். மற்றபடி பேண்டு என்னுடையது. அந்தோணி ஹோட்டல் சப்பாத்தும் டையுமாக வந்து என் கையைப் பிடித்தான். "அண்ணே, நாலு நாலா வாசிப்பமா? எத்தன வருசமாச்சு!"

கணக்குத் தீர்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "வாசிப்பமே தம்பி," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

அதே பன்னிரண்டு பார்ப் பாட்டு. அவன் முன்னால், நான் அரை எட்டுப் பின்னால். அவன் வளர்ந்திருந்தான். நாலு பாருக்குள் ஒரு கதையைத் தொடங்கி முடித்துவிடுகிறான். எனக்கு வயிறு எரிகிறது. மூன்றாவது முறை அவன் மூச்சை இழுத்தபோது நுவரெலியாக் குளிர் நெஞ்சில் அடைத்தது. இத்தனை வருசம் கொழும்புக் கடற்கரைக்குப் பழகிய நெஞ்சு. இருமல் வந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டது. வாத்தியம் உதட்டில் இருக்கிறது, விரல் அசைகிறது, சத்தம் இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். பொய் சொல்லமாட்டேன். என் கை பழைய பழக்கத்தில் வாத்தியத்தை ஒரு சாண் கீழே இறக்கிவிட்டது. மாடியில் எத்தனை நாள் நான் கனவு கண்ட இடம் அது! அப்போது கூடத்தில் ஒரு அம்மா காலைத் தூக்கியவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கியபடியே எங்களைப் பார்த்தாள்.

அந்தக் காலைப் பார்த்தேன். இரண்டாவது தட்டு போய்விட்டது. மூன்றாவது தட்டில் கிளாரினெட்டைத் தூக்கினேன்.

அவனுடைய நாலு பாரை நான் வாசித்தேன். என் சத்தத்தில் வாசித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் அவன் சத்தத்தில் வாசித்தேன், மெல்லிசாக, அவன் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு. இத்தனை வருசம் தப்புத் தேடிக் கேட்டதில் அவன் சத்தம் எனக்கு மனப்பாடம். ஏழு சுரத்தை எடுத்தேன், அவன் வேகத்தில், மெதுவாக. அந்தக் கால் கீழே இறங்கியது. அடுத்த நாலு பார் என்னுடையது. அதை நீ எடுத்துக்கொள் என்று அவன் முழங்கையைத் தொட்டேன். அவனுக்கு மூச்சு வந்துவிட்டிருந்தது. முதல் தட்டிலேயே சரியாக நுழைந்தான்.

கூடமே எழும்பிக் கைதட்டியது. அவனுக்கு. "அந்த மெதுவான எடத்தக் கேட்டீங்களா? அந்தோணியால மட்டுந்தான் முடியும்!" என்று ஒரு கிளப்பு ஐயா என் காதுக்குப் பக்கத்திலேயே சொன்னார்.

அந்தோணி திரும்பி, கண்ணில் தண்ணியோடு, "அண்ணே..." என்றான்.

"குளிருக்குக் கழுத்துல எதையாவது சுத்துறா," என்றேன்.

பியானோக்காரர் மூடியை மெல்லச் சாத்தினார். எங்கள் பக்கம் பார்த்து, "நல்லது மென்," என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். அவருக்கோ பார்வை மங்கல். அது எனக்கா அவனுக்கா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருசம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிக் கேட்கவும் முடியாது.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்களைவிட நல்லா ஊதுகிறவன் பக்கத்தில் இருந்தால் வயிறு எரியட்டும், அதை அணைக்க என்னாலும் முடியவில்லை. ஆனால் அவன் தடுமாறுகிற நேரத்தில் வாத்தியம் உங்கள் வாயில் இருக்கட்டும். கண் அவன் மேல் வேண்டாம், ஆடுகிறவர்களின் காலில் இருக்கட்டும்.

இன்னொன்று. அன்றைக்கு அந்த நாலு பாரை ஊதியது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும், டிரம்சுக்குப் பின்னால் இருந்த பியதாசவுக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். எங்கேயாவது அந்தப் பேச்சு வந்தால் மறக்காமல் என் பேரைச் சொல்லுங்கள்.